பரிசம் போட வந்த நாளில் நான் பார்த்த ரத்தப் பரிசோதனை

அரைப் படிப்புக்காரன் கையில் அரிவாளைக்கூடக் கொடுக்கலாம், ஊசியை மட்டும் கொடுக்கக் கூடாது. அதற்கு நானே சாட்சி. எச்சிலைக் குழாயில் துப்பி அனுப்பினால் டி.என்.ஏ. பார்த்து வம்சத்தையே சொல்லிவிடுவார்கள் என்று இப்போது என் பேரன் சொல்கிறான். அந்தக் குழாயை என் பக்கமே கொண்டுவராதே என்று சொல்லிவிட்டேன்.

அறுபதுகளின் தொடக்கம். திருச்சியில் விலங்கியல் இரண்டாம் வருஷம். டி.என்.ஏ. முறுக்கிய ஏணி மாதிரி இருக்கும் என்று பேராசிரியர் கரும்பலகையில் வரைந்த நாளிலிருந்து, பிரம்மாவுக்கு அடுத்த ஆள் நான்தான் என்று எனக்கு நினைப்பு. தங்கை பொன்னம்மாளுக்குப் பரிசம் போட மாப்பிள்ளை வீட்டார் குளத்தூரிலிருந்து வருவதாகக் கடிதம் வந்தது. ரத்த வகை பார்க்கும் சீரம் இரண்டு குப்பி, ஏ-க்கு ஒன்று, பி-க்கு ஒன்று, லேபிலிருந்து எடுத்துக்கொண்டு பொன்னமராவதி வந்து சேர்ந்தேன் (திருட்டு என்பது பெரிய வார்த்தை).

தட்டு மாற்றுவதற்கு முன்னால் மாப்பிள்ளையின் அப்பா சும்மா இருக்காமல், "தம்பி என்ன படிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டார். போதாதா!

கண்ணாடித் தகட்டில் குப்பிக்கு ஒன்றாக இரண்டு சொட்டுச் சீரம் விட்டு, முதலில் ஆத்தாவின் விரலில் குத்தினேன் (அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவோம்). எந்தச் சொட்டும் கட்டியாகவில்லை. ஓ. அடுத்து பொன்னம்மாள். இரண்டு சொட்டுமே திரிந்த பால் மாதிரி கட்டிகட்டியாகிவிட்டது. ஏபி!

"பாத்தீங்களா? ஓ குரூப்பு தாய்க்கு ஏபி புள்ள பொறக்கவே பொறக்காது!" என்று முழங்கினேன். என்ன சொன்னோம் என்பது வாயை மூடிய பிறகுதான் உறைத்தது.

மாப்பிள்ளையின் அத்தை எழுந்தார். "அப்ப இந்தப் புள்ளைய யாரு பெத்தது?"

"நான்தான் தாயி பெத்தேன். இந்த வீட்லதான் பெத்தேன்." என்றார் ஆத்தா.

"படிக்கிற பய, என்னமோ ஒளறுறான்" என்று எங்கள் அப்பா கெஞ்சிப் பார்த்தார். எடுபடவில்லை. "கலந்துக்கிட்டுச் சொல்லி அனுப்புறோம்" என்று கொண்டுவந்த தட்டுகளோடு போய்விட்டார்கள்.

மறுவாரம் காலேஜ் திறந்ததும் பொன்னம்மாளை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு பேராசிரியரிடம் ஓடினேன். ஆத்தா வரவில்லை. "நான் பெத்ததுக்கு ஊசி வந்து சாட்சி சொல்லணுமாக்கும்? போடா அங்கிட்டு!"

பேராசிரியர் பார்த்தபோது ஒரு சொட்டுதான் திரிந்தது. ஏ.

"எதால கலக்கின?"

"தீக்குச்சி சார்."

"எத்தன?"

"ஒண்ணுதான் சார்."

எங்கள் வீட்டில் ஒரு தீக்குச்சியை இரண்டாகப் பிளந்து பற்றவைப்பார்கள். ஒரு வேலைக்கு இரண்டு குச்சி செலவழிக்க எனக்கு எப்படிக் கை வரும்? முதல் சொட்டில் தோய்ந்த குச்சியையே இரண்டாவதிலும் விட்டேன். முதல் சொட்டின் சீரம் அதிலும் கலந்து, அதையும் கட்டியாக்கிவிட்டது. ஓ தாய்க்கு ஏ பிள்ளை தாராளமாகப் பிறக்கும் என்று எழுதி வாங்கிக்கொண்டு குளத்தூர் போனேன். அவர்கள் அதற்குள் வேறு பெண் பேசி முடித்திருந்தார்கள்.

பொன்னம்மாள் கல்யாணம் மூன்று வருஷம் தள்ளிப்போனது. எந்த வரன் வந்தாலும் என் கதை அதற்கு முன்னாலேயே அங்கே போயிருக்கும். அவள் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. பாவி, ஏசியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

வயதான காலத்தில் ஆத்தாவுக்கு ஒரு ஆபரேஷன். ரத்தம் ஏற்ற வேண்டும், என்ன குரூப் என்று நர்ஸ் கேட்டார். "ஓ" என்றேன்.

கண்மூடிக் கிடந்த ஆத்தா கண்ணைத் திறந்து, "அவன் சொல்றத நம்பாத தாயி. இன்னொரு தடவ பாத்துரு" என்றார்.

ஓதான். ஆனாலும் என்ன? இன்றைக்கும் நான் மணி பத்து என்று சொன்னால்கூட, "இன்னொரு தடவ பாத்துரு" என்று வீடே சிரிக்கிறது. நானும் சேர்ந்து சிரிக்கிறேன். ஆத்தாவிடம் நான் கடைசிவரை மன்னிப்புக் கேட்கவில்லை.