ராகு ஒருவர், கடிகாரம் மூன்று

மதிப்பிற்கும் மரியாதைக்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

(சம்பந்தி என்று எழுத எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. "ஐயா" என்று எழுதிப் பார்த்தேன். குடிநீர்க் குழாய் உடைந்ததற்குப் புகார் எழுதுவது போல இருந்தது. அதனால் சம்பந்தி என்றே இருக்கட்டும். பிடிக்காவிட்டால் அந்தச் சொல்லை மட்டும் அடித்துவிட்டுப் படிக்கவும்.)

வணக்கம். இங்கே நான், என் வீட்டுக்காரி, எங்கள் சுவரில் அருகருகே தொங்கும் இரண்டு கடிகாரங்கள், எல்லோரும் ஒருவிதமாக நலம். அங்கே தாங்களும், தங்கள் வீட்டம்மாவும், முக்கியமாக அவர்களுடைய இடது முழங்காலும் நலமா என்று அறிய ஆசை. ஃபோனிலேயே கேட்டிருப்பேன், நீங்கள் எடுப்பதில்லை. கோபம் நியாயம்தான். பெண் பார்க்க வந்தவர்களை ஒரு மத்தியானம் முழுக்க வாசலில் நிற்க வைத்தால் யாருக்குத்தான் கோபம் வராது? ஆனாலும் என் தரப்பையும் கேட்டுவிட்டு அப்புறம் கோபப்படுங்கள். கோபம் எங்கேயும் ஓடிவிடாது.

நான் பேருந்துப் பணிமனையில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன். நேரம் என்றால் எனக்கு உயிர். ஒரு வண்டி தாமதமாகக் கிளம்பினால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. கடல் தாண்டி மகள் வேலை பார்க்கும் இந்த ஊருக்கு நானும் என் வீட்டுக்காரியும் வந்தபோது பெட்டியில் முதலில் வைத்தது பஞ்சாங்கத்தைத்தான், வேட்டிகூட அப்புறம்தான். அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. பஞ்சாங்கம் நம் ஊர்ச் சூரியனைப் பார்த்து எழுதியது. இந்த ஊர்ச் சூரியனோ கோடையில் நாங்கள் இரவுச் சாப்பாட்டை முடித்துப் பாத்திரம் கழுவும்வரைக்கும் ஜன்னலில் நிற்கிறது. நான் குழப்பிக்கொள்ளவில்லை. பஞ்சாங்கத்தில் என்ன மணி அச்சடித்திருக்கிறதோ, இந்தச் சுவர்க்கடிகாரத்திலும் அதுதான் மணி என்று வைத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரி ஒத்துக்கொள்ளவில்லை. "ராகு என்ன ஊருக்கு ஒருத்தரா? அங்க எப்ப ராகு காலமோ, அப்பதான் இங்கயும்" என்று சொல்லி, நம் ஊர் நேரத்துக்கு இன்னொரு கடிகாரத்தை வாங்கி மாட்டிவிட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ராகு காலம் தினமும் இரண்டு முறை வருகிறது. மனுஷன் எப்போது நகம் வெட்டுவது என்பதற்கே யோசனை பண்ண வேண்டியிருக்கிறது.

மூன்றாவதாக ஒரு கணக்கு உண்டு என்பதை உங்கள் மூலம்தான் தெரிந்துகொண்டேன். இந்த ஊர்ச் சூரியன் எழுவதையும் அடைவதையும் வைத்து ஃபோனே பகலை எட்டாகப் பங்கு போட்டுச் சொல்கிறது என்று நீங்கள் பெருமையாகச் சொன்னீர்கள். பகல் நீளம் என்பதால் இங்கே ராகு காலமும் நீளம். ரொம்ப நியாயமான கணக்கு, நான் குறை சொல்லவே இல்லை.

ஒன்று மட்டும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். என் மகளுக்கு வயது முப்பத்து நாலு. இதற்கு முன் மூன்று வரன்கள் வந்தார்கள். மூன்று பேருக்கும் நானே பார்த்துப் பார்த்துக் குறித்த உத்தமமான நேரம். மூன்றும் தட்டிப்போயின. அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சையே எடுக்க விடவில்லை. அப்படிப்பட்டவள் ஒரு நாள் ஆஸ்பத்திரி லேபிலிருந்து வந்து கைப்பையை வைத்துக்கொண்டே, "ஒரு தோழி மூலமா ஒரு இடம் வந்திருக்குப்பா. வரச் சொல்லலாமா?" என்று கேட்டாள். அவளே கேட்டாள், சம்பந்தி! எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. இந்தத் தடவை ஒரு நிமிஷம்கூடப் பிசகக் கூடாது என்று நான் நினைத்தது தப்பா, நீங்களே சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒன்றரைக்கு என் எமகண்டம் முடிகிறது, அதற்குக் கொஞ்ச நேரம் கழித்து உங்கள் ஃபோன் எமகண்டம் ஆரம்பிக்கிறது, நடுவில் இருக்கிற அந்தச் சந்தில் உள்ளே நுழைந்துவிடலாம் என்று நாம் இருவரும் பேசி முடிவு செய்தோம். நீங்களும் டாண் என்று வந்து கீழே அழைப்பு மணியை அடித்தீர்கள். பணிமனையில் இருந்திருந்தால் உங்களுக்கு விருதே கொடுத்திருப்பேன். நான் பொத்தானை அமுக்கக் கை நீட்டினேன், வீட்டுக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "என் கடிகாரத்தப் பாருங்க. ராகு நடக்குது. திறந்தீங்க, இதுவும் மூணோட நாலு!" மூணோட நாலு என்றதும் கையை இழுத்துக்கொண்டேன். செருப்பை மாட்டிக்கொண்டு கீழே ஓடி வந்து, "கட்டடத்தச் சுத்திப் பாத்துட்டு மேல போலாம் சம்பந்தி" என்று உங்களை அழைத்துப் போனேனே, அது இதற்காகத்தான். தபால் பெட்டிகளையும் குப்பைத் தொட்டி அறையையும் காட்டினேன். நீங்கள் முகம் சுளித்ததைப் பார்க்காமல் இல்லை. வேறு என்ன இருக்கிறது அங்கே காட்டுவதற்கு? துணி துவைக்கும் அறையில் வீட்டம்மாவை உட்கார வைத்தது முழங்காலுக்காக. பக்கத்தில் யாரோ போட்டிருந்த இயந்திரம் உதறிக்கொண்டே இருந்ததற்கு நான் பொறுப்பில்லை. மூன்றாம் மாடிக்காரர் உங்களை வீடு வாடகைக்குப் பார்க்க வந்தவர்கள் என்று நினைத்து, தண்ணீர் வரத்து சுமார்தான் என்று எச்சரித்துவிட்டுப் போனதற்கும் நான் பொறுப்பில்லை.

ஒருவழியாக வீட்டுக்காரியின் ராகு முடிந்து ஐந்தாம் மாடிக்கு வந்தோம். அங்கே நடந்ததில் உங்கள் பங்கும் கொஞ்சம் இருக்கிறது என்பதைப் பணிவுடன் சொல்லிக்கொள்கிறேன். நான் "வாங்க, வாங்க" என்றுதான் சொன்னேன். நீங்கள்தான் ஃபோனைப் பார்த்துவிட்டு, "எமகண்டம்! காலை வைக்காத!" என்று வீட்டம்மாவை அதட்டினீர்கள். அதற்குள் அவர்கள் உள்ளே போய் சோபாவில் சாய்ந்துவிட்டார்கள். முழங்கால் வலிக்கு எமகண்டம் தெரியாது. "நான் உக்காந்தாச்சு. நீங்க நின்னு எமனோட பேசிட்டு வாங்க" என்று அவர்கள் சொன்னபோது என் வீட்டுக்காரி சிரித்துவிட்டாள், அதற்கும் மன்னிக்கவும். செருப்பு வைக்கிற ஸ்டூலில் நீங்கள் வெளியே, நான் உள்ளே, நடுவில் வாசற்படி. காபி மூன்று முறை சூடாகி மூன்று முறை ஆறியது.

இத்தனைக்கும் நடுவில் உங்கள் மகன், எனக்கு வாய்க்க இருந்த மாப்பிள்ளை, வாயே திறக்கவில்லை. எங்கள் லிஃப்ட் கதவு நாலு மாதமாகக் கீச்சிட்டுக்கொண்டிருந்தது. அவர் லிஃப்ட் மெக்கானிக் அல்லவா, கை சும்மா இருக்கவில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு அதைச் சரிசெய்ய உட்கார்ந்துவிட்டார். என் மகள் பட்டுப்புடவையோடு பக்கத்தில் குந்தி டார்ச் பிடித்தாள். அவர் கேட்பதற்கு முன்பே வெளிச்சத்தை நகர்த்தினாள். எனக்கு அப்போதே ஏதோ உறைத்திருக்க வேண்டும், நான் பஞ்சாங்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

உங்கள் எமகண்டம் முடிந்து நீங்கள் காலைத் தூக்கியபோது என் நாக்கில் சனி உட்கார்ந்துவிட்டது. "கொஞ்சம் பொறுங்க சம்பந்தி, இப்ப குளிகை. குளிகையில செஞ்சது திரும்பத் திரும்ப நடக்கும். பொண்ணு பாக்கிறது திரும்பத் திரும்ப நடந்தா நாங்க என்ன ஆகிறது?" என்றேன். "அப்ப என் மகனுக்குக் கல்யாணமும் திரும்பத் திரும்ப நடக்கும்ங்கிறீங்களா?" என்று நீங்கள் கேட்டீர்கள். நான் அப்படிச் சொல்லவே இல்லை. அந்த வாக்குவாதம் முடிவதற்குள் குளிகை போய் என் ராகு காலம் வந்துவிட்டது. நீங்கள் வீட்டம்மாவை எழுப்பிக்கொண்டு கிளம்பினீர்கள். அப்போதாவது நான் சும்மா இருந்திருக்கலாம். "ராகு காலத்துல கிளம்பக் கூடாது சம்பந்தி" என்று சொல்லித் தொலைத்தேன். சரியாகிவிட்ட லிஃப்ட் பக்கத்தில் இருக்க, ஐந்து மாடியும் படியில் இறங்கிப் போனீர்கள். வீட்டம்மா மட்டும் லிஃப்டில் இறங்கியதில் எனக்கு ஆறுதல்.

அன்றிலிருந்து என் மகள் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டை மேஜையில் வைக்கிறாள், போய்விடுகிறாள். எனக்கு இந்த வயதில் வேறு என்ன வேண்டும் சம்பந்தி? அவள் ஒருத்திதான். நீங்கள் இன்னொரு தடவை வர வேண்டும். மூன்று கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கண் எரிய எரியப் பார்த்துவிட்டேன். வருகிற ஞாயிறு விடியற்காலை ஐந்தரைக்கு மூன்றிலும் பழுதில்லை. அகால நேரம்தான். நானே ஃபோன் போட்டு எழுப்புகிறேன், தயவுசெய்து எடுக்கவும்.

தங்களுக்கும் வீட்டம்மாவுக்கும் எங்கள் இருவரின் வணக்கமும், மாப்பிள்ளைக்கு நூறாண்டு வாழ எங்கள் ஆசியும், முழங்காலுக்குத் தனியாக ஒரு விசாரிப்பும்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தியாக ஆசைப்படும்
ஓய்வு பெற்ற டைம் கீப்பர்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது மகள் வேலையிலிருந்து வந்தாள். கடிதத்தைப் பிடுங்கிப் படித்தாள். சிரித்தாள், அழுதாள், இரண்டும் சேர்ந்து வந்தது. "தோழி மூலமா வந்த இடம்னு சொன்னேன்ல, அந்தத் தோழி எங்க ஆஸ்பத்திரி லிஃப்ட்தான்பா" என்றாள். இரண்டு வருஷத்துக்கு முன் லிஃப்ட் நடுவில் நின்று இவள் தனியாக மாட்டிக்கொண்டாளாம். ஏதோ உதிரிப் பாகம் வரும்வரை உங்கள் மகன் கதவிடுக்கு வழியாக விடாமல் பேசிக்கொண்டே இருந்தாராம், இவள் பயப்படக் கூடாது என்று. தேதியும் மணியும் கேட்டேன். எந்த வருஷத்துப் பஞ்சாங்கத்தையும் நான் எறிவதில்லை, எடுத்துப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை, அஷ்டமி, கரிநாள், போதாக்குறைக்கு அவளுக்குச் சந்திராஷ்டமம். லிஃப்ட் நின்றது என் வீட்டுக்காரி கணக்கில் ராகு. உங்கள் மகன் கதவைத் திறந்தது என் கணக்கிலும் ராகு, ஃபோன் கணக்கிலும் ராகு. மூன்று கணக்கும் ஒத்துப்போனதை அந்த ஒரு நாளில்தான் முதல் தடவையாகப் பார்த்தேன். "நல்ல நேரத்துல வந்த மூணு பேரும் போயிட்டாங்கப்பா. இவர் கதவத் திறக்கிற வரைக்கும் போகல" என்றாள். என் வீட்டுக்காரி போய்த் தன் கடிகாரத்திலிருந்து பேட்டரியைக் கழற்றிவிட்டாள்.

ஆகவே மேலே எழுதிய ஐந்தரை மணியை அடித்துவிடவும். எப்போது தோன்றுகிறதோ அப்போது வாருங்கள், கதவு திறந்தே இருக்கும். செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்றிலிருந்து நாலரைக்குள் வந்தால் ரொம்ப விசேஷம். தாமதித்துவிடாதீர்கள், நாலரை தாண்டினால் ராகு காலம் முடிந்துவிடும்.