ஞானசௌந்தரியின் சத்து மாத்திரை

"உனக்கு எத்தினி பொண்டாட்டி?"

ஆவடி சுகாதார நிலையத்து நர்ஸம்மா சத்தமாகவே கேட்டார். வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் கிறிஸ்துராஜைத் திரும்பிப் பார்த்தார்கள். கருத்தடை மாத்திரை வாங்க வந்த ஒரே ஆண்பிள்ளை அவன்தான்.

"ஒண்ணுதான் சிஸ்டர்."

"ஒருத்திக்கு மாசம் மூணு அட்டையா? திங்கிறாளா, தாளிக்கிறாளா?"

கிறிஸ்துராஜுக்கும் அதுதான் புரியவில்லை.

அவன் மனைவி செலினுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு துணிக் கம்பெனியில் வேலை. ஒன்றரை வருஷம் முழுசாக ஓட்டினால் நிரந்தரம். நடுவில் முழுகாமல் இருந்தால் வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார்கள். அதுவரை பிள்ளை வேண்டாமென்று இருவரும் ரகசியமாக முடிவெடுத்திருந்தார்கள்.

ரகசியம் அம்மா ஞானசௌந்தரிக்குத் தெரியக் கூடாது. அம்மா கோயில் மாதர் சபைத் தலைவி. பதினேழு வயதில் பால்ராஜைக் கட்டிக்கொண்டு திருமுல்லைவாயிலுக்கு வந்தவள். மகனுக்குக் கல்யாணம் முடித்த பிறகும் சாயங்காலமானால் புருஷனைப் பூ வாங்கிவரச் சொல்பவள். பேரனுக்கு இப்போதே பெயர் தேர்ந்தெடுத்து வைத்திருந்தாள்.

மாத்திரை அட்டையை மாதா படத்துக்குப் பின்னால் ஒளித்தார்கள். அம்மா படத்தைத் துடைத்தாள். அரிசி டின்னில் ஒளித்தார்கள். அம்மா அரிசியைப் புடைத்தாள். கடைசியில் கிறிஸ்துராஜ் அட்டையின் கடைசி வரிசை இரும்புச் சத்து மாத்திரைகளை விட்டு, வெள்ளை மாத்திரைகளை மட்டும் பிரித்து, பழைய டானிக் பாட்டிலில் போட்டு, அலமாரியில் பகிரங்கமாகவே வைத்தான்.

"இன்னாடா இது?"

"சத்து மாத்திரம்மா. செலினுக்கு ரத்தம் கம்மியாம்."

"அப்போ நானே குடுக்கிறேன். புள்ள பெக்கற ஒடம்பாச்சே!"

அன்றிலிருந்து காலை ஜெபம் முடிந்ததும் மாமியாரே பால் டம்ளரோடு மாத்திரையை நீட்டினாள். மூன்று வாரம் கொடுத்து ஒரு வாரம் நிறுத்தவும் செய்தாள். "தொடர்ந்து தின்னா சூடு" என்றாள். சொல்லிக் கொடுக்காமலே நாள் சரியாக வந்ததை மாதா புண்ணியம் என்று கிறிஸ்துராஜ் எடுத்துக்கொண்டான்.

பாட்டில் காலியாகும் வேகம்தான் உதைத்தது. நர்ஸம்மாவிடம் மானம் போன மறுநாள் காரணத்தைக் கண்ணாலேயே பார்த்தான். பக்கத்து வீட்டு ராணியின் கையில் அம்மா ஒரு மாத்திரையை வைத்துக்கொண்டிருந்தாள்.

ராணிக்கு ஒரே பெண் குழந்தை. அடுத்தது ஆண் வேண்டுமென்று அவள் மாமியார் அவளை வாராவாரம் எலுமிச்சம்பழத்தோடு மாங்காடு அம்மன் கோயிலுக்கு இழுத்துப் போய்க்கொண்டிருந்தாள்.

"ஐயோ, அந்தப் பொண்ணு வயித்துல அடிச்சிட்டமே!" என்றாள் செலின்.

கிறிஸ்துராஜ் நர்ஸம்மாவிடம் ஓடினான். "சிஸ்டர், இத தின்னவங்களுக்கு அப்பால புள்ளயே பொறக்காதா?"

"யாரு சொன்னது? நிறுத்தினா அடுத்த மாசமேகூட நிக்கும்."

நிம்மதியாக வந்தான். அதே அளவில் வெள்ளையாகச் சுண்ணாம்புச் சத்து மாத்திரை வாங்கி, பாட்டிலில் இருந்ததை மாற்றினான். செலினுக்கு உரியதைத் தன் சட்டைப்பையில் வைத்து, தினமும் ரயில்வே பிளாட்பாரத்தில் கொடுத்தான். ஒரு நாள் சட்டையோடு அட்டையும் சலவைக்குப் போய்விட்டது. மறுபடி ஓட்டம்.

"ஒண்ணுதானே உட்டுப்போச்சு? இன்னிக்கிதோட சேத்துப் போட்டுக்கச் சொல்லு" என்ற நர்ஸம்மா, "நீயே தின்னுற மாதிரி இன்னாய்யா இந்தத் தவிப்பு?" என்றார்.

இரண்டு மாதம் போயிற்று. செலினுக்கு ஒன்றுமில்லை. ராணி குழாயடியில் குடத்தைப் போட்டுவிட்டு வாந்தி எடுத்தாள். ஒரு குடும்பத்தை வாழவைத்த பெருமையில் கிறிஸ்துராஜுக்கு நெஞ்சு நிறைந்தது.

சாயங்காலம் ராணி அவனை வேலியோரம் நிறுத்தினாள். "அண்ணா, அந்த பாட்டில்ல இன்னா போட்டே?"

"கவலப்படாதம்மா. மின்ன இருந்தது வேற மாத்திர. உன் நல்லதுக்குத்தான் மாத்திட்டேன்."

"அடப்பாவி! இன்னொண்ணு வேணான்னு மாமியாராண்ட சொல்ல முடியாமத்தானே அத தெரிஞ்சே தின்னுகினு இருந்தேன்!"

"அப்போ அம்மாவுக்கும்..."

"கண்டுபுடிச்சதே அவங்கதான். மருமவ வேல போயிடக் கூடாதுன்னுதான் கையோட குடுத்தாங்க."

அம்மாவை இத்தனை நாள் தப்பாக நினைத்துவிட்டோமே என்று அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. "இப்பவே போய் அவங்க கால்ல உழறேன் ராணி."

"மொதல்ல போய் தலைய புடி, உள்ள வாந்தி எடுத்துகினு கீறாங்க. எனக்குன்னா இருவத்திரெண்டு வயசு, நாப்பத்திரெண்டு வயசுல உங்கம்மா எப்பிடிப் பெத்துக்குவாங்க?"