பாறைமுகன் ஏன் அடித்தான்

மரியசூசையை யாரும் கேட்கவில்லை. அவராகத்தான் நேர்ந்துகொண்டார். பிறகு பட்டதற்கெல்லாம் மூலகாரணம் அதுதான்.

தை மாதக் கடைசியில் குழந்தை அல்போன்ஸுக்குக் காய்ச்சல் ஏறி, கண் சொருகி, கை கால் வெட்டி இழுத்தது. கடத்தூரிலிருந்து தர்மபுரி ஆஸ்பத்திரிக்கு யூனியன் ஆபீஸ் ஜீப்பில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மரியசூசை அந்த ஆபீசில் குமாஸ்தா. ஜீப்பை ஓட்டியவன் பக்கத்து வீட்டுத் தீர்த்தகிரி. வழி முழுக்க இசபெல்லா பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஒரு சத்தமும் போடவில்லை. சத்தம் போட்டால் பிள்ளை கையை விட்டுப் போய்விடும் என்று பயந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

அந்தோணியார் புண்ணியத்தில் பிள்ளை பிழைத்தது. வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் புருஷனும் பெண்சாதியும் கோயிலுக்குப் போய் அவருடைய சுரூபத்துக்கு முன்னால் முட்டி போட்டார்கள். இசபெல்லா மனசுக்குள் ஏதோ நேர்ந்துகொண்டாள். என்னவென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. மரியசூசைக்கு எதையும் மனசுக்குள் வைத்துப் பழக்கமில்லை.

"இந்தத் தவக்காலம் முடியற வரைக்கும் சினிமாக் கொட்டாய் பக்கம் தலை வெச்சுக்கூடப் படுக்க மாட்டேன், அந்தோணியாரே."

வாசலில் மெழுகுவத்தி விற்கிற ரோசம்மாள் வரைக்கும் அது கேட்டது. மனுஷன் கறியை விட்டிருக்கலாம். காபியை விட்டிருக்கலாம். தனக்கு இல்லாத பீடிப் பழக்கத்தை விட்டிருந்தால் இன்னும் சுலபம். நன்றி பொங்கிய வேகத்தில் சினிமாவை விட்டுவிட்டார்.

சினிமா என்றால் அவருக்குப் பாறைமுகன். பாதி முகம் கல்லாகிப் போன வீரன். எந்தத் தேசத்திலோ எடுத்து, தமிழில் பேச வைத்து அனுப்பிய படங்களில் வருவான். பேசுவது கம்மி, சிரிப்பது கிடையவே கிடையாது, மலையை முட்டித் தள்ளுவான். வீட்டுக் கூடத்தில் திருக்குடும்பப் படத்துக்குப் பக்கத்திலேயே, கொஞ்சம் கீழே தள்ளி, பாறைமுகன் காலண்டர் தொங்கியது. தீர்த்தகிரிக்கோ நிழல்வேந்தன். அவன் ஒரு சுவருக்குள் புகுந்து இன்னொரு சுவரிலிருந்து வருவான், எதிரியை உதைப்பதற்கு முன்னால் ஒரு ஜோக் அடிப்பான், கறுப்புச் சால்வை போட்டிருப்பான்.

இரண்டு பேரும் மோதினால் யார் ஜெயிப்பார்கள் என்று வருஷக்கணக்காகச் சண்டை. சென்னப்பன் டீக்கடையில் ஆரம்பிக்கும், ஆபீஸ் கோப்புகளுக்கு நடுவே தொடரும், ஜீப்பில் இண்டூர் போகிற வரைக்கும் நடக்கும். அவன் வேற படம், இவன் வேற படம், எப்படிய்யா அடிச்சுக்குவானுங்க என்று ஒருநாள் ஆபீசர் கேட்ட பிறகுதான் கொஞ்சம் ஓய்ந்திருந்தது.

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலம் பாதி கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து ஃபாதர் அறிவிப்புகளை வாசிக்கத் தொடங்கினார். அல்போன்ஸ் சிணுங்கினான். மரியசூசை பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். அந்த விஷயத்தில் நல்ல அப்பாதான். வெளியே எதிர்ச்சுவரில் பசை காயாத போஸ்டர். ஒரு பக்கம் பாறைமுகன், ஒரு பக்கம் நிழல்வேந்தன். நடுவில் முஷ்டியும் முஷ்டியும். ஒரே படத்தில். வெள்ளிக்கிழமை முதல், கடத்தூர் கொட்டாயில்.

உள்ளே ஃபாதர் அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றித்தான் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். மரியசூசை காதில் ஏறவில்லை.

சாயங்காலம் தீர்த்தகிரி வாசலுக்கே வந்துவிட்டான். இசபெல்லா கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"நீ பாவம், நேந்துக்கிட்டவன். வராத சூசை. நான் பாத்துட்டு வந்து ஒண்ணு விடாம சொல்றேன்."

படம் பார்க்காமல் இருப்பதைக்கூட மரியசூசை தாங்கியிருப்பார். தீர்த்தகிரி பார்த்துவிட்டு வந்து சொல்வதை எப்படித் தாங்குவது? வருஷக்கணக்கான வழக்குக்குத் தீர்ப்பு வந்து, அதை எதிர்க்கட்சிக்காரன் வாயிலிருந்து கேட்பது மாதிரி. அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஆபீசிலிருந்து சீக்கிரமே வந்தார். குளித்தார். வெள்ளைச் சட்டை போட்டார். ஜெபப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, இயேசு சிலுவை சுமந்த வழியைத் தியானிக்கிற சிலுவைப்பாதைக்குப் போவதாகச் சொன்னார்.

இசபெல்லா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "கோயிலுக்கா போறீங்க? இங்கயே இருக்கலாமே."

"நல்லாருக்குது நீ சொல்றது. சிலுவைப்பாதை கோயில்ல நடக்காம நம்ம வூட்டு வாசல்லயா நடக்கும்?"

அவள் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். "போய்ட்டு வாங்க" என்றாள்.

மணல் தரையில், தலையில் துண்டைப் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டு, ஜெபப் புத்தகத்தை மடியில் ஒளித்து உட்கார்ந்து மரியசூசை அந்தப் படத்தைப் பார்த்தார். சந்தோஷமாகப் பார்த்தார் என்று சொல்ல முடியாது. முதல் பாதி முழுக்க வேடிக்கை. சிரிக்கவே சிரிக்காத பாறைமுகனைச் சோப்புத் தண்ணீரில் வழுக்கி விழ வைத்திருந்தார்கள். கொட்டாயே சிரித்தது. மரியசூசைக்குத் தன் சொந்த அண்ணனின் வேட்டியை நடுத்தெருவில் அவிழ்த்த மாதிரி இருந்தது. நிழல்வேந்தன் படத்துக்கு அந்த விளையாட்டுச் சரி. பாறைமுகன் படத்தில் மழை பெய்யும், இருட்டாக இருக்கும், யாராவது சாவார்கள். இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டியதில் கூழும் இல்லை, குழம்பும் இல்லை.

பிற்பாதியில்தான் அந்தக் கட்டம். நண்பன் மேல் கை ஓங்குவதில்லை என்று செத்துப்போன தாய்மேல் சத்தியம் செய்தவன் பாறைமுகன். ஊர் ஜனம் நிழல்வேந்தனுக்கு மாலை போட்டுத் தூக்கிக்கொண்டு ஆடுகிறது. பாறைமுகன் தள்ளி நின்று பார்க்கிறான். பாலம் ஆடத் தொடங்குகிறது. அடுத்த நிமிஷம் நிழல்வேந்தன் நெஞ்சில் ஒரு குத்து. அவன் பத்தடி தள்ளிப் போய் விழுகிறான். அவன் வழியை மறித்து நின்ற இடத்துக்குப் பின்னால், பாலத்தின் அடியில், சிவப்புச் சட்டை போட்ட ஒரு குழந்தை. கண் மூடித் திறப்பதற்குள் வந்துபோகிற காட்சி. கூட வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த தீர்த்தகிரி அந்த நேரம் பார்த்து முறுக்கு வாங்கப் போயிருந்தான்.

மரியசூசைக்குக் கண்ணில் நீர் முட்டியது. அந்தச் சிவப்புச் சட்டையைப் பார்த்ததும் ஜீப்பில் அல்போன்ஸ் கண் சொருகிக் கிடந்தது ஞாபகத்துக்கு வந்தது. வந்த நீர் அப்படியே நின்றுவிட்டது. இங்கே உட்கார்ந்து என்ன செய்கிறேன் என்று நினைத்தார். எழுந்து போய்விடலாம் என்றும் நினைத்தார். சண்டை முடியட்டும் என்று இருந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் முட்டியைத் தேய்த்துக்கொண்டார். சிலுவைப்பாதையின் பதினாலு ஸ்தலத்துக்கும் மண்டி போட்டதில் வலி கண்டுவிட்டதாம்.

"கூட்டமுங்களா?" என்றாள் இசபெல்லா.

நல்ல கூட்டம் என்றார். ஃபாதர் பிரசங்கம் உருக்கம் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஞானமேரி டீச்சர் தேம்பித் தேம்பி அழுததாகவும் சொன்னார்.

"அப்படீங்களா" என்று சொல்லிவிட்டு, இசபெல்லா தூங்குகிற பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் பணியாரம் சுட்டாள். சுட்டு, தீர்த்தகிரியைக் கூப்பிட்டனுப்பினாள். மரியசூசை வாசலுக்கும் கூடத்துக்கும் இரண்டு தரம் நடந்தார். ஆனாலும் தீர்த்தகிரி வாக்குத் தவறாதவன். தனியாகத்தான் படத்துக்குப் போனேன் என்று எங்கே கேட்டாலும் சொல்வதாகக் கொட்டாய் வாசலிலேயே சத்தியம் செய்திருந்தான்.

"படம் எப்படிங்கண்ணா இருந்துச்சு?" என்றாள் இசபெல்லா, காபியை ஆற்றிக்கொண்டே. "பாவம், இவருதான் பாக்கலை. சொல்லுங்க, கேட்டுக்கட்டும்."

தீர்த்தகிரி சொன்னான். தனியாகப் போனதாகவே சொன்னான். சொல்லச் சொல்லத்தான் அவனுக்கு ஒரு விஷயம் உறைத்தது. தான் என்ன சொன்னாலும் எதிரில் இருக்கிறவன் மறுத்துப் பேச முடியாது. அதன் பிறகு அவனைப் பிடிக்க ஆளில்லை. நிழல்வேந்தன் வளர்ந்துகொண்டே போனான். பாறைமுகன் தேய்ந்துகொண்டே போனான். சோப்பில் ஒரு தரம் விழுந்தவன் அங்கங்கே விழுந்தான். மரியசூசை கடித்த பணியாரத்தைத் தட்டிலேயே வைத்தார்.

"நான் படத்தப் பாக்கலை," என்றார் மெதுவாக. "ஆனாலும் அவன் அப்படிப்பட்ட ஆள் இல்ல."

"பாக்காதவங்க எப்படிச் சொல்ல முடியுங்க?" என்றாள் இசபெல்லா. "நீங்க சொல்லுங்கண்ணா."

"அப்பறம் என்னம்மா, என் ஆளுக்கு ஊரே மாலை போட்டுச்சு. இவனுக்கு வயிறு எரிஞ்சுபோச்சு. ஆத்தா மேல பண்ணுன சத்தியத்தக் காத்துல வுட்டுட்டு, பின்னாடி வந்து குத்துனான். வெறும் பொறாமை."

இசபெல்லா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "சத்தியம் பண்ணிட்டு மீறுனவனா? அவன் படம் நம்ம வூட்டுல திருக்குடும்பத்துக்குப் பக்கத்துல எதுக்குங்க?" எழுந்து போய்க் காலண்டரை ஆணியிலிருந்து கழற்றினாள். அடுப்பங்கரைப் பக்கம் நடந்தாள்.

அதற்கு மேல் ஒரு ரசிகனால் முடியாது.

"பின்னாடி வந்து ஒண்ணும் குத்தலை. நேருக்கு நேரா நின்னுதான் அடிச்சான். பாலத்துக்கு அடியில ஒரு கொழந்த, செவப்புச் சட்டை போட்டுக்கிட்டு. இவன் முறுக்கு வாங்கப் போயிட்டான், இவனுக்கு என்ன தெரியும். அந்தப் புள்ளையக் காப்பாத்தத்தான் சத்தியத்த மீறுனான்."

தீர்த்தகிரி காபி டம்ளருக்குள் எதையோ தேடினான். காலண்டர் இசபெல்லா கையிலேயே இருந்தது.

"புள்ளைக்காக மீறுனான்."

"ஆமா."

"நீங்க எதுக்குங்க மீறுனீங்க?"

ஜீப்பைக் கழுவ வேண்டும் என்று சொல்லிக்கொண்டு தீர்த்தகிரி எழுந்து போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை எவனும் ஆபீஸ் ஜீப்பைக் கழுவுவதில்லை.

பிறகு இசபெல்லா நிதானமாகச் சொன்னாள். அந்த வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை தெருத் தெருவாக வரும் என்று ஃபாதர் அறிவித்திருந்தார். வீட்டுக்கு ஒரு ஸ்தலம். வாசலில் மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, மெழுகுவத்தி ஏற்றி வைக்க வேண்டும். அவர்கள் வீட்டு வாசலுக்கு நாலாம் ஸ்தலம் வந்தது. இயேசு தம் தாயைச் சந்திக்கிற ஸ்தலம். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் ஒருத்தியாக மேசையை இழுத்துப் போட்டாளாம்.

"ஃபாதர் உங்களக் கேட்டாரு. கோயிலுக்குப் போயிருக்காருன்னு சொன்னேன். அத்தன பேரும் கோயில்லருந்துதாங்க வந்திருந்தாங்க." காலண்டரை மடியில் வைத்தாள். "ஞானமேரி டீச்சர் அழுவலீங்க. சிரிச்சாங்க."

மரியசூசை வாசலை எட்டிப் பார்த்தார், மேசை இன்னும் அங்கே இருப்பது மாதிரி.

"எனக்குக் கோவமில்லீங்க. பயம். நீங்க வந்து தூங்கிட்டீங்க. நான் விடிய விடிய புள்ள நெத்தியத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டு இருந்தேன். என் கை சூடா, அவன் நெத்தி சூடான்னு தெரியாம."

அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு. கட்டிலில் அல்போன்ஸ் காலை ஆட்டிக்கொண்டு விளையாடினான். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததே அவருக்கு அதிகமாக வலித்தது. வருஷம் முழுக்க சினிமாவே வேண்டாம், வேளாங்கண்ணிக்கு நடந்தே போகிறேன் என்று ஆரம்பித்தார்.

இசபெல்லா கையை உயர்த்தினாள். "நீங்க உங்க வாயால எதையும் நேர வேண்டாம். நான் ஃபாதர்கிட்டக் கேட்டுட்டேன். ஈஸ்டர் வரைக்கும் அந்தப் படத்தப் பத்தி யார்கிட்டயும் ஒரு வார்த்த பேசக் கூடாது. அவ்வளவுதான்."

இவ்வளவுதானா என்று மரியசூசை நிம்மதியாக மூச்சு விட்டார். மறுநாள் காலை சென்னப்பன் கடைக்குப் போன பிறகுதான் மூச்சு அடைத்தது. கடை முழுக்கத் தீர்த்தகிரியின் கட்சி. பாறைமுகன் பொறாமைக்காரன். சத்தியம் தவறினவன். பின்னாடி வந்து குத்தினவன். பெஞ்சில் இருந்த எல்லோரும் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார்கள், என்ன சொல்லப்போகிறார் என்று. மரியசூசை டீயைக் குடித்தார். சிவப்புச் சட்டைக் குழந்தை நெஞ்சுக்குள் உட்கார்ந்து முட்டியது. இன்னொரு டீ குடித்தார். தவக்காலம் இவ்வளவு நீளம் என்று அவருக்கு அதுவரை தெரியாது.

ஈஸ்டர் பூசை முடிந்த காலையில், சட்டைப் பித்தானைக்கூடச் சரியாகப் போடாமல் தீர்த்தகிரி வீட்டுக்கு ஓடினார். ஒவ்வொரு வாதத்தையும் வாரக்கணக்கில் தீட்டி வைத்திருந்தார். தீர்த்தகிரி பல் விளக்கிக்கொண்டிருந்தான். கொட்டாயில் படம் மாறி, அதற்கு மேல் இன்னொன்றும் மாறியிருந்தது.

"அதுவா?" என்று கொப்பளித்துத் துப்பினான். "அத இப்ப யாருப்பா பேசறாங்க. சரி, அவன் நல்லவன்னே வெச்சுக்க."

இப்படி ஒரு வெற்றியை எந்த ரசிகனும் வாங்கியிருக்க மாட்டான். மரியசூசை தளர்ந்து வீட்டுக்குத் திரும்பினார். அவர் முகத்தைப் பார்த்து இசபெல்லாவுக்கே பாவமாகிவிட்டது. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள்.

"எங்கிட்டச் சொல்லுங்க. கேக்கறேன்."

கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படிக் கேட்டதில்லை. மரியசூசை முதல் காட்சியிலிருந்து சொன்னார். சோப்புத் தண்ணீரில் தன் ஆளுக்கு நடந்த அநியாயத்தைச் சொன்னார். சத்தியத்தையும் மாலையையும் பாலத்தையும் சொன்னார். சிவப்புச் சட்டைக்கு வந்தபோது அல்போன்ஸைப் பார்த்துச் சொன்னார். அல்போன்ஸ் தூங்கிப்போயிருந்தான். இசபெல்லா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்த ஆளுக்கு மாலை போட்டப்ப, இவன் மூஞ்சி எப்படி இருந்துச்சுங்க?"

மரியசூசை யோசித்தார். பொய் சொல்லிப் பட்டது போதும். "கண்ணக் கொஞ்சம் சுருக்கிக்கிட்டு, உதட்டக் கடிச்சான்."

இசபெல்லா பிள்ளையின் நெற்றியில் இருந்த முடியை ஒதுக்கினாள்.

"நீ வராத, நான் பாத்துட்டு வந்து சொல்றேன்னு தீர்த்தகிரி அண்ணன் சொன்னப்ப, நான் துணி எடுத்துக்கிட்டுத்தான் நின்னேன். உங்க மூஞ்சியும் அப்படித்தாங்க இருந்துச்சு."