விரால் வேந்தரின் ரகசிய ஏரி

ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமை டில்லிபாபுவின் தூண்டிலில் ஒரு தோரணம் சிக்கியது. சிவப்பு, மஞ்சள், பச்சை முக்கோணங்கள் கோத்த பிளாஸ்டிக் கொடிக்கயிறு. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. இருபதடி வந்தது. மீன் வரவில்லை.

"தெப்பத் திருவிழாத் தோரணம்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

எந்தக் கோளாறுக்கும் ஒரு காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் அவருக்குச் சோறு இறங்கும். ஒரகடத்தில் கார்க் கதவுகளுக்கு ரப்பர் பட்டை செய்யும் தொழிற்சாலையில் அவர் தரக் கட்டுப்பாட்டு சூப்பர்வைசர். அவருடைய மேசைக்கு மேலே அவரே எழுதி மாட்டிய பலகை ஒன்று உண்டு: 'சந்தேகமா? இடத்துக்குப் போ. கண்ணால் பார்.'

கரையில் ஓர் அம்மாள் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வாரமாக அவரையே வேடிக்கை பார்ப்பவள்.

"இன்னாம்மா, இங்க விரால் கீதா?"

"விராலா? இங்கயா?" முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பில் ஆடுகளே திரும்பிப் பார்த்தன.

டில்லிபாபுவுக்கு நம்பிக்கை பிறந்தது. நல்ல மீன் உள்ள இடத்தை ஊர்க்காரர்கள் வெளியாளுக்குச் சொல்ல மாட்டார்கள். இப்படிச் சிரித்து மழுப்பினால் உள்ளே விரால் மொய்க்கிறது என்றுதானே அர்த்தம்?

'விரால் வேந்தர்கள்' வாட்ஸாப் குழுவின் நிறுவனர், தலைவர், தினசரிச் சொற்பொழிவாளர் எல்லாம் அவர்தான். போன வருஷம் இரண்டு கிலோ விரால் ஒன்றைப் பிடித்து, அதைப் பதினான்கு கோணங்களில் படம் எடுத்த நாளிலிருந்து அந்தப் பதவிகள் அவரிடம் இருந்தன. இந்த வருஷம் சீசன் தொடங்கிய முதல் இரண்டு ஞாயிறும் பெரிய ஏரிக்குத்தான் போனார். பக்கத்தில் மூங்கில் குச்சியில் நூல் கட்டி உட்கார்ந்திருந்தவர்கள் ஜிலேபிக் கெண்டையைச் சாக்கில் அள்ளினார்கள். இவருடைய வெளிநாட்டுத் தூண்டில் ராடில் காற்றுதான் அடித்தது.

"அண்ணே, அந்தக் குச்சி அழகா கீது. வூட்டுல கொடி கட்ட யூஸ் ஆவும்," என்றான் ஒருவன்.

அன்றே அவர் ரகசிய இடம் தேடக் கிளம்பிவிட்டார். 'சீசன் தொடக்கத்தில் விரால் ஆழத்தில் இராது. புதுத் தண்ணீர் ஏறிய புல்தரையை நாடி வரும்' என்பது குழுவில் அவர் அருளிய உரை. அதன்படியே வல்லக்கோட்டை சாலையில் பிரியும் ஒரு மண்பாதையின் முடிவில் இது கிடைத்தது. முழங்கால் ஆழத் தண்ணீர். அடியில் புல். வேறு தூண்டில்காரர் ஒருவரும் இல்லை. தண்ணீருக்குள் இரண்டு விளக்குக் கம்பங்கள் மட்டும் நின்றன. படகுத்துறை வரப்போகிறது என்று அவற்றுக்கும் காரணம் எழுதியாகிவிட்டது.

சுங்குவார்சத்திரத்தில் வாடகை வீட்டுக் கதவைத் திறந்த மனைவி சத்யப்பிரியா, முதலில் பையைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"இன்னிக்கும் கருவாட்டுக் குழம்புதானா?"

"சீசன் இப்பதான் ஆரம்பம். விரால் செட் ஆவணும்."

"அஞ்சு வாரமா செட் ஆவுது. அந்த நேரத்துக்கு நம்ம மனைய ஒரு எட்டு போய்ப் பாத்துகினு வரலாம்ல? வாங்கி எட்டு மாசம் ஆச்சு. அது கிழக்க பாத்து கீதா மேற்க பாத்து கீதான்னு கூட நமக்குத் தெரியாது."

"லேக் வியூ அவென்யூடி! ட்ரோன் வீடியோ பத்து தபா பாத்துட்டேன். மேப்ல பாரு, ஒட்டுனாப்புல நீலமா ஏரி. வூடு கட்டிட்டா வாசப்படியில குந்திகினே தூண்டில் போடலாம்."

"நேர்ல பாத்தீங்களா?"

"மனை வித்தவங்க வேன் அனுப்புனாங்க. அன்னிக்கு எனக்கு ஓ.டி."

"மீனுக்கு மட்டும் ஓ.டி. வராது," என்று சொல்லிவிட்டு அவள் கருவாட்டை ஊறப்போட்டாள்.

திங்கட்கிழமை மதியம் டில்லிபாபு தன் பிரிவைக் கூட்டினார். வெள்ளைப் பலகையில் 'ஏன்?' என்று ஐந்து முறை எழுதினார். தொழிற்சாலையில் எந்தப் பிழை வந்தாலும் ஐந்து தடவை ஏன் கேட்டால் ஆணிவேர் கிடைக்கும் என்பது வேதம்.

"ஏன் மீன் வரல?"

"கடிக்கல சார்."

"ஏன் கடிக்கல?"

"தூண்டில்ல மாட்டுன ரப்பர் தவளைய மீன் பாக்கல."

"ஏன் பாக்கல?"

"தண்ணி கலங்கல்."

"ஏன் கலங்கல்?"

"புதுத் தண்ணி."

ஐந்தாவது ஏனுக்குப் பயிற்சிப் பொறியாளர் கவியா கை தூக்கினாள். "சார், ஒருவேளை அங்க மீனே இல்லையோ?"

டில்லிபாபு மார்க்கரை மூடினார்.

"ஏரியில மீன் இல்லாம இன்னாம்மா இருக்கும்? ரப்பர் பட்டையா?"

"அக்கம்பக்கத்துல ஒரு தடவை விசாரிக்கலாமே சார். உங்க பலகையிலயே 'இடத்துக்குப் போ'ன்னு..."

"அது லைனுக்கு. மீனுக்கு இல்ல."

அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு பிளான்ட் ஹெட் இசக்கியப்பன் உள்ளே வந்தார். தாமிரபரணிக்காரர். ஏப்ரலில் காலியாகும் துணை மேலாளர் நாற்காலியில் யாரை உட்கார வைப்பது என்று தீர்மானிக்க வேண்டியவர் அவர். அந்த நாற்காலிக்காக டில்லிபாபு ஒன்பது வருஷமாக நின்றுகொண்டிருந்தார்.

"என்னவே டில்லி, போர்டுல என்ன ரிஜெக்‌ஷன்?"

"ரிஜெக்‌ஷன் இல்ல சார். விரால்."

இசக்கியப்பனின் முகம் பத்து வயது குறைந்தது. "நீரு தூண்டில் போடுவீரா? இத்தன வருசம் சொல்லலியே வே!"

டில்லிபாபு பெருமையோடு போனை நீட்டினார். இரண்டு கிலோ விரால்.

"அடேயப்பா! எப்பம் பிடிச்சது?"

போன வருஷம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். "நேத்து சார்," என்று வந்தது. சொன்ன பிறகு அவரே திடுக்கிட்டுப் போனார்.

கவியா எட்டிப் பார்த்தாள். "நேத்தா சார்? பின்னாடி உங்க பைக்ல ஆயுத பூஜை வாழைக்கன்னு கட்டியிருக்கே."

"நான் கழட்டறது இல்லம்மா. ராசி."

இசக்கியப்பனுக்கு வாழைக்கன்று கண்ணில் படவில்லை. "வார ஞாயித்துக்கெழம நானும் வாரேன். தூண்டில் போடுதவன்கிட்ட பொறும இருக்கும், பொய் இருக்காது. அந்த நாற்காலிக்கு அதுதாம்வே வேணும். வீட்டுல மசாலா அரைச்சு வைக்கச் சொல்லிருதேன்."

செவ்வாய்க்கிழமை டில்லிபாபு புதிய தவளை ஒன்று வாங்கினார். கால் உதறும், கண் உருட்டும் உயர் ரகத் தவளை. புதன்கிழமை ஷிப்ட் முடிந்து போய் வீசினார். தண்ணீருக்கடியில் எதிலோ மாட்டி நூல் அறுந்தது. தவளை போயிற்று. வியாழக்கிழமை தவளையை மறந்து மண்புழு போட்டார். புழு மூன்று மணி நேரம் குளித்துவிட்டு முழுசாகத் திரும்பி வந்தது.

வெள்ளிக்கிழமை கேன்டீனில் இசக்கியப்பன் அவர் தோளில் கை போட்டார்.

"டில்லி, நீரு ஏரிக்கரையில மனை வாங்கிருக்கீராமே? மீன் பிடிச்சிட்டு அப்படியே அதையும் காட்டிரும். பக்கத்துல ஒண்ணு இருந்தா நானும் போடுதேன்."

"காட்டிடறேன் சார்," என்றார் டில்லிபாபு. இதுவரை மீன் ஒன்றைத்தான் பார்க்காமல் வாக்குக் கொடுத்திருந்தார். இப்போது நிலமும் சேர்ந்துகொண்டது.

சனிக்கிழமை மாலை அவர் சுங்குவார்சத்திரம் மார்க்கெட்டில் மீனம்மாள் கடை முன்னால் வாளியோடு நின்றார். தொட்டியில் விரால்கள் நெளிந்தன.

"கண்ணு, வெட்டிக் குடுக்கவா, முழுசாவா?"

"உசுரோட வேணும்."

"உசுரோடவா? வளக்கப் போறியா?"

"ஒருத்தருக்குக் காட்டணும்."

மீனம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். அவர் சட்டைப் பையில் 'விரால் வேந்தர்கள்' என்று தைத்திருந்தது. "புரிஞ்சிபோச்சு. இந்த சீசனுக்கு நீ அஞ்சாவது ஆளு," என்று சொல்லி, பெரியதாக ஒன்றை எடுத்து வாளியில் போட்டாள்.

ஞாயிறு காலை ஐந்தரைக்கே டில்லிபாபு ரகசிய ஏரியில் இறங்கிவிட்டார். கரையிலிருந்து பத்தடியில் ஒரு கல் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது. தலையில் மங்கலாக மஞ்சள் பெயின்ட். விராலின் செவுள் வழியாக நைலான் கயிற்றைக் கோத்து, மறுமுனையை அந்தக் கல்லில் மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டினார். முடிச்சுகளையும் ஒருமுறை தரச் சோதனை செய்தார். பாஸ்.

திட்டம் எளியது. இசக்கியப்பனைத் தூரத்து விளக்குக் கம்பத்தருகே உட்கார வைப்பது. அவர் அந்தப் பக்கம் பார்க்கும்போது இந்தப் பக்கம் கயிற்றை அறுத்து மீனைத் தன் தூண்டிலில் மாட்டுவது. அப்புறம், 'சார்! சார்!' என்று கத்துவது.

இசக்கியப்பன் ஆறு மணிக்கு வந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, கையில் வெறும் மூங்கில் தூண்டிலும் ஒரு தகர டப்பா மண்புழுவும். டிக்கியில் மீன் சட்டி.

"சார், நீங்க அந்தக் கம்பத்தாண்ட போங்க. அங்கதான் விரால் கும்பலா கீது."

"இரும்வே." இசக்கியப்பன் கண்ணைச் சுருக்கினார். "அந்தா பாரும். அந்தக் கல்லுகிட்ட."

விரால் தண்ணீருக்கு மேல் வந்து மூச்சுவிடும் மீன். கட்டிப்போட்டிருந்தாலும் அதற்கு அந்தப் பழக்கம் போகவில்லை. பளக்கென்று மேலே வந்து ஒரு வாய் காற்றைக் குடித்துவிட்டு உள்ளே போயிற்று.

"சார், அது... அது தவளை சார்."

"நாப்பது வருசமா நான் பாக்காத விராலா? சும்மா கெடயும்!"

புழு பறந்தது. கட்டிப்போட்ட விராலுக்கும் பசிக்கும் என்பதை டில்லிபாபுவின் திட்டம் கணக்கில் எடுக்கவில்லை. ஒரே கவ்வு.

"விழுந்துட்டு! விழுந்துட்டுவே!" மூங்கில் வில்லாக வளைந்தது. இசக்கியப்பன் இழுத்தார். மீன் வந்தது. மூன்றடி வந்து நின்றுவிட்டது. மறுபடி இழுத்தார். நகரவில்லை.

"என்னா பலம்! டில்லி, இது அஞ்சு கிலோவுக்குக் கொறையாது!"

"விட்டுடுங்க சார். பெரிய மீன் பாவம் சார்."

"விடுததா? இறங்கும்வே தண்ணிக்குள்ள!"

இருவரும் இறங்கினார்கள். இசக்கியப்பன் மீனை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துப் பின்னால் சாய்ந்தார். வேறு வழியில்லாமல் டில்லிபாபு அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். தான் போட்ட முடிச்சு அவிழ வேண்டும் என்று வாழ்க்கையில் முதல்முறையாக வேண்டிக்கொண்டார். அது தரமான முடிச்சு. அவிழவில்லை. மழையில் ஊறிய மண்தான் விட்டுக்கொடுத்தது. 'ப்ளக்' என்று ஒரு சத்தம். இருவரும் மல்லாந்து விழுந்தார்கள்.

எழுந்தபோது இசக்கியப்பன் கையில் விரால் துடித்தது. விராலின் செவுளிலிருந்து கயிறு. கயிற்றின் முனையில், சேறு வழிய, மூன்றடி நீளக் கல்.

இசக்கியப்பன் கல்லையும் கயிற்றையும் மாறி மாறிப் பார்த்தார். விரால் வாலை அடித்தது.

"ஏன்வே டில்லி," என்றார் இசக்கியப்பன் மெதுவாக. "உங்க ஊர்ல மீனுக்கு நங்கூரம் கட்டித்தான் விடுவியளோ?"

டில்லிபாபுவுக்கு ஒன்பது வருஷத்து நாற்காலி ஒரு காலை இழந்து சாய்வது கண்ணுக்குத் தெரிந்தது. ஆனாலும் காரணம் எழுதும் கை சும்மா இருக்குமா?

"சார், இது ஏரியோட எல்லைக்கல் சார். கவர்மென்ட்டு நட்டது. மீனு கயித்த முழுங்கி... சுத்திகினு..."

"முடிச்சும் அதுவே போட்டுகிட்டோ?"

அப்போதுதான் கரையில் அந்தக் கூச்சல் கேட்டது. ஆடு மேய்க்கும் அம்மாள் குச்சியை ஓங்கிக்கொண்டு, புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி வந்தாள்.

"யோவ்! யோவ்! கல்லப் புடுங்கிட்டீங்களா? பாவிங்களா! மூணு வாரமா தண்ணியில குச்சிய வுட்டுகினு குந்தியிருந்த, பைத்தியம் போல கீதுன்னு சும்மா வுட்டேன். இப்ப கல்லயே புடுங்கற! என் வேலைக்கில்ல உலை வெச்சிட்ட?"

"உனக்கு என்னம்மா வேல?" என்றார் இசக்கியப்பன்.

"வாட்ச்மேன்! செங்கமலம்னு கேளு, சொல்லுவாங்க. ஒரு கல்லு கொறஞ்சாலும் ஆபீஸ்ல என்னத்தான் கேப்பாங்க."

"ஏரிக்கு வாட்ச்மேனா?" இசக்கியப்பன் கண்கள் விரிந்தன.

"ஏரி கரைக்கு அந்தாண்ட கீது சார், இது லேக் வியூ அவென்யூ," என்றாள் செங்கமலம், கல்லின் சேற்றை முந்தானையால் துடைத்துக்கொண்டே. "பதினேழாம் நம்பர் கல்லப் புடுங்கிட்டு நிக்கிறீங்களே, நாளிக்கு அந்த டில்லிபாபு வந்து 'என் மனை எங்கடி'ன்னு கேட்டா நான் இன்னா பதில் சொல்லுவேன்?"