சிரமம் ஏதும் இல்லை

பெருமை அடிக்காமல் ஒரு ஃபாரம் நிரப்ப எனக்குத் தெரியாது. வீட்டில் எல்லோருக்கும் முன்பே தெரிந்திருந்த இந்த விஷயம் எனக்கு இருபத்து நாலாவது வயதில்தான் தெரியவந்தது. அதுவும் ஊர்ப்பட்ட கூட்டத்துக்கு முன்னால்.

எனக்கு இரண்டு கால்களிலும் போலியோ. இடது காலில் காலிப்பர் என்கிற இரும்புத் தாங்கி, வலது கையில் ஊன்றுகோல். (இதைச் சொன்னதும் கேட்பவர் முகம் வாடிவிடும். வாட வேண்டாம், இது சிரிப்புக் கதைதான்.) அப்போது இலத்தூரிலிருந்து தென்காசியில் ஓர் அச்சகத்துக்கு டைப் அடிக்கப் போய்க்கொண்டிருந்தேன். மற்ற மாதங்களில் கண்டக்டர் அண்ணாச்சி ஊன்றுகோலை வாங்கிக்கொள்வார், நான் கம்பியைப் பிடித்து ஏறிவிடுவேன். குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் அந்தக் கம்பியிலேயே நாலு பேர் துண்டும் எண்ணெய்ப் பாட்டிலுமாகத் தொங்குவார்கள். மூன்று பஸ்ஸை விட்டுவிட்டு நாலாவதில் போய் இறங்குவேன். அச்சக முதலாளி நல்ல மனிதர். அவரே, "இன்னும் ஒரு மாசம் பாக்கேன்மா. பொறவு வேற ஆளத்தான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டார்.

அதனால்தான் மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு கொடுக்கும் ஸ்கூட்டருக்கு, அதாவது பின்னால் கூடுதல் சக்கரம் வைத்த வண்டிக்கு, விண்ணப்பம் வாங்கினேன்.

அதுவரை நான் நிரப்பியதெல்லாம் வேலைக்கான விண்ணப்பங்கள். ‘இந்தியும் ஓரளவு தெரியும்’ என்று கூசாமல் எழுதிய கை இது. அதே கையோடு இதற்கும் உட்கார்ந்தேன். ‘நடப்பதில் சிரமம் உண்டா?’ சிரமம் ஏதும் இல்லை. ‘படி ஏற இயலுமா?’ இயலும்; கைப்பிடி இருந்தால் வேகமாகவே. ‘பிறர் உதவி தேவையா?’ தேவையில்லை, வீட்டில் மற்றவர்களுக்கு நான்தான் உதவுகிறேன். கடைசியில் கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது. வீணாக்குவானேன் என்று, நிமிடத்துக்கு நாற்பது வார்த்தை டைப் அடிப்பேன் என்பதையும் சேர்த்தேன்.

விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் முகாமுக்கு அம்மாவும் கூட வந்தாள். அதிகாரி ஃபாரத்தைப் பார்த்தார், ஊன்றுகோலைப் பார்த்தார், மறுபடி ஃபாரத்தைப் பார்த்தார்.

"ஏம்மா, இது ஒங்க ஃபாரந்தானா?"

"ஆமா சார்."

"சிரமம் ஏதும் இல்லைன்னு எழுதிருக்கீங்க. பொறவு வண்டி எதுக்கு?"

எனக்கு ‘முடியவில்லை’ என்ற சொல்லை அதுவரை யாரிடமும் சொல்லிப் பழக்கமில்லை. தெருவில் யாராவது என்னைப் பார்த்து உச்சுக்கொட்டினால், "எம்பிள்ளைக்கு என்ன கொற?" என்று சண்டைக்குப் போகிறவள் அம்மா. அவள்தான் இப்போது முந்திக்கொண்டாள்.

"அவளுக்கு ஒண்ணுமே முடியாது சார். நாலு எட்டு வச்சா விழுந்துருவா."

எனக்குச் சுள்ளென்று வந்தது. "நான் எப்பம்மா விழுந்தேன்?"

"போன சீசன்ல பழைய அருவில விழல?"

"அங்கன ஒரே பாசி. நீயுந்தான் விழுந்த. ஒன்னையத் தூக்கிவிட்டதே நாந்தான்."

"சும்ம கெட ஏட்டி. வண்டி வேணுமா வேண்டாமா ஒனக்கு?"

"அதுக்காவப் பொய் சொல்லுவியா?"

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார்கள். அதிகாரி பேனாவை மூடி வைத்தார். விண்ணப்பதாரரே தன் விண்ணப்பத்துக்கு எதிராக வாதாடுவதை அவர் அன்றைக்குத்தான் பார்த்திருப்பார்.

"பொய்யா?" அம்மாவின் குரல் இறங்கிவிட்டது. "சரி, மெய்யவே சொல்லுதேன் சார். எங்க வீட்டு மாடில நின்னா பஸ் ஸ்டாப்பு தெரியும். தெனமும் காலைல பாக்கேன். ஒரு பஸ் போவும், இவ ஏறல. இன்னொண்ணு போவும், ஏறல. சாயங்காலம் வந்து, ‘இன்னைக்கு மொத பஸ்லயே எடம் கெடச்சிட்டும்மா’ம்பா. நானும் நல்லதுட்டின்னு கேட்டுக்கிடுவேன்."

அவள் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியாது. அத்தனை பேர் முன்னால் அழுதுவிட்டேன். (காலிப்பரோடு அழுவதில் ஒரு சங்கடம், எழுந்து ஓடி ஒளிய முடியாது.)

அதிகாரி புது ஃபாரம் ஒன்றை நீட்டினார். "ஒங்க அம்மா சொல்லுத மாதிரியும் வேண்டாம், நீங்க எழுதுன மாதிரியும் வேண்டாம். உள்ளத எழுதுங்க."

‘கூட்டம் இருந்தால் பஸ்ஸில் ஏற முடியவில்லை’ என்று எழுதினேன். மறுநாள் முதலாளியிடமும் அதையே சொன்னேன். "இத மொதல்லயே சொல்லிருக்கலாம்லா?" என்று கேட்டுவிட்டு, வண்டி வரும்வரை கூட்டம் குறைந்தபின் பத்து மணிக்கு வந்தால் போதும் என்றார்.

வண்டி வந்தது. ஆனால் அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ரேஷன் கார்டு, பேங்க் என்று எந்த ஃபாரம் வந்தாலும் தம்பி எட்டிப் பிடுங்கிக்கொள்வான். "அக்காட்ட குடுக்காதீங்க. எல்லாம் நல்லாருக்குன்னு எழுதிருவா."

போன மாதம் அம்மாவுக்கு முழங்கால் வலி. வண்டியில் பின்னால் உட்காரவைத்துத் தென்காசியில் டாக்டரிடம் கூட்டிப்போனேன். எங்கள் டோக்கனைக் கூப்பிட்டதும் நானும் எழுந்தேன். அம்மா என் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"ஏட்டி, நீ இங்கனயே இரு. உள்ள வந்தா, எனக்கு ஒண்ணுமே இல்லன்னு டாக்டர்ட்ட சொல்லிருவ."