திறக்காத கல்யாண ஜிப்

“தொறக்க மாட்டேங்குது தம்பி,” என்றார் மாரியம்மாள் போனில்.

செஞ்சி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஸ்டூடியோ வைத்திருக்கும் எழிலன் பல்லைக் கடித்தான். மாரியம்மாளின் மூத்த மகள் கல்யாணத்துக்குப் படம் எடுத்தவன் அவன்தான். எல்லாப் படங்களையும் ஒரே ஜிப் ஃபைலாகக் கட்டி, அவர்கள் ஊரான மண்டகப்பட்டுக்கு லிங்க் அனுப்பிவிட்டு, வேலை முடிந்தது என்று நிம்மதியாக டீ குடித்திருந்தான்.

“ஜிப்பு எல்லா போன்லயும் தொறக்குமேம்மா?”

“எங்கூட்டு போன்ல தொறக்கல. ரொம்பப் பெருசா இருக்குதாம். சுவாதிதான் சொல்லுது.”

சுவாதி இளைய மகள். கம்ப்யூட்டர் படித்தவள்.

சரி, சின்னதாக்குவோம் என்று செவன்ஜிப் என்ற மென்பொருளில் போட்டுச் சுருக்கினான். கம்ப்யூட்டர் மதியம் முழுக்க முனகியது. ஏற்கெனவே சுருங்கிய படங்கள். இன்னும் சுருங்க அதில் என்ன இருக்கிறது? ஃபைல் பழைய பருமனிலேயே வந்து நின்றது. போதாததற்கு, அதைத் திறக்கத் தனியாக ஆப் வேண்டும் என்று மண்டகப்பட்டிலிருந்து புகார்.

ரார் என்ற வேறு வகை ஃபைலாக்கி, துண்டு துண்டாக அனுப்பினான்.

“நடுவுல ஒரு துண்டு வரல தம்பி. அது இல்லாம ஒண்ணுமே தொறக்காதாமே?”

அந்தத் துண்டை மறுபடி அனுப்பினான்.

“ஏன் தம்பி, இந்த ரார் ஆப்பு நாளைக்கே இல்லாமப் போயிட்டா, பேரப்புள்ளைங்க கல்யாணத்த எப்படிப் பாக்கும்? சுவாதி கேக்குது.”

எழிலன் போனை மேஜைமேல் கவிழ்த்துவிட்டு, ட்ரைபாடை ஓங்கி ஓர் உதை விட்டான். கால் விரல்தான் வலித்தது. பிறகு போனை எடுத்து, “நியாயமான கேள்விதாம்மா,” என்றான்.

எந்தக் காலத்திலும் எதிலும் திறக்கட்டும் என்று, பழையபடி ஜிப்புக்கே திரும்பி, சுருக்காமல், பாஸ்வேர்ட் இல்லாமல் கட்டி அனுப்பினான்.

“லிங்க்கு செத்துப் போச்சாம் தம்பி. நீயே நேர்ல வந்து குடுத்துட்டுப் போயேன். ஞாயித்துக்கிழம வா. எமகண்டத்துக்கு முன்னாடி வந்துடு.”

பென் டிரைவ் கொடுக்க எமகண்டம் எதற்கு என்று கேட்க வாய் துடித்தது. “சரிங்கம்மா,” என்று வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை பைக்கில் போகும்போது வழியெல்லாம் திட்டுவதற்கு வார்த்தை சேர்த்துக்கொண்டே போனான். வீட்டுக்குள் நுழைந்தால், வெள்ளை வேட்டியில் பெரியவர்கள் வரிசையாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் கத்த முடியவில்லை. சேர்த்த வார்த்தைகளை விழுங்கிவிட்டு பென் டிரைவை நீட்டினான்.

“இதுலயாவது தொறக்குதான்னு பாருங்கம்மா.”

யாரும் அதை வாங்கவில்லை. மாரியம்மாளின் அண்ணன் வீராசாமி மட்டும் மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தார்.

“அதெல்லாம் மொத நாளே தொறந்து ஊரே பாத்தாச்சி மாப்ள, நம்ம சுவாதிக்குப் பாத்திருக்கிற பையன் கோவக்காரனான்னுதான் பாத்துக்கினு இருந்தோம்.”