சக்கரச் சித்தரின் மூட்டு வலி

மருந்துக்கடைக்கு மேலே, மாடிப்படி முழுக்கக் கூட்டம். பொறியியல் கல்லூரிக்கு விண்ணப்பிக்கிற பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும். கல்லூரி கேட்டது ஒரே ஒரு கட்டுரை: "ஏன் பொறியாளராக விரும்புகிறாய்?" விரும்புகிற பிள்ளைக்கு அது தெரியாதாம். மாடி அறையில் குறி சொல்லும் சக்கரச் சித்தருக்குத் தெரியுமாம்!

துணி போர்த்திய மேசையில் கட்டுரையை வைக்க வேண்டும். மேசைமேல் நிற்கும் இரும்புப் பல்சக்கரம் தானாகச் சுழன்றால் இடம் உறுதி. முதல்முறையே சுழன்றதாக வரலாறு இல்லை. காணிக்கை வைத்து, சித்தர் அருளும் வரியைச் சேர்த்த பிறகுதான் சுழலும். எல்லோருக்கும் ஒரே வரிதான்: "பிறந்தபோது நான் அழவில்லை, எஞ்சின்போல் உறுமினேன்." அந்த ஊர்ப் பிரசவ அறையை நினைத்துக் கல்லூரிக்காரர்கள் நடுங்கியிருப்பார்கள்.

மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருவர் மகளை இழுத்துக்கொண்டு வந்தார். அன்று மாலைக்குள் கட்டுரை போயாக வேண்டும். அவள் எழுதியிருந்தது அப்பாவின் முதுகைப் பற்றி. லாரியிலிருந்து மூட்டைகள் தாமே உருண்டிறங்கப் பழைய குழாய்களைக் கோத்து அவள் செய்த சரிவுப்பலகையைப் பற்றி.

சக்கரம் அசையவில்லை.

"மூட்டையா? சீச்சீ! கிழிச்சுப் போட்டுட்டு நான் சொல்றத எழுதும்மா," என்றார் சித்தர்.

மகள் திரும்பினாள். "அப்பா, நான் உறுமினேனாப்பா?"

"எனக்கென்ன தெரியும்? நான் அன்னைக்கு லோடு எறக்கப் போயிட்டேன். சாமி சொன்னா எழுதிடேன்."

"தள்ளு, தள்ளு. எம் பையன் உறுமியாச்சு," என்று பக்கத்து வீட்டு அத்தை மகனின் கட்டுரையை வைத்தாள். சக்கரம் சுழன்றது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. மகள் மட்டும் கீழே பார்த்தாள். காற்றே இல்லாத அறையில் மேசைத்துணி ஆடியது.

"சாமி, காலைத் தூக்கி நாற்காலி மேல சம்மணம் போட்டு உக்காருங்க. அப்பவும் சுத்துனா நீங்க சொன்னதையே எழுதிடறேன்."

"மூட்டு வலிம்மா..."

"ஐயோ, சாமிக்கே வலியா! யாராவது தூக்கி விடுங்களேன்!" அத்தை உருகினாள்.

தூக்குவதற்கு ஆளா இல்லை? அப்பா பயபக்தியோடு, நாற்காலியோடு சேர்த்துச் சித்தரைத் தூக்கினார். சித்தரின் கால்விரலில் சிக்கித் துணியும் கூடவே போனது. உள்ளே பழைய தையல் மெஷின் மேசை! மிதிகட்டை, வார், எல்லாம் எண்ணெய் போட்டுப் பளபளவென்று.

மகள் சட்டைப்பையிலிருந்த பஸ் டிக்கெட்டை மேசையில் வைத்துவிட்டு மிதித்தாள். சக்கரம் பம்பரமாய்ச் சுற்றியது.

"பாருங்க, பஸ் டிக்கெட்டுக்கு சீட் கெடைச்சுடுச்சு!"

"எறக்கி விடுப்பா," என்றார் அந்தரத்தில் சித்தர்.

அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. "அம்மாடி, நீ எழுதினதையே அனுப்பு. இந்தக் கனத்துக்கெல்லாம் சரிவுப்பலகை கட்டாயம் வேணும்."

"அப்போ எம் பையன் உறுமினது?" என்றாள் அத்தை.

"அழுதேன்னு மாத்தி எழுதச் சொல்லுங்க அத்தை. இன்னும் நேரமிருக்கு."

அவள் கட்டுரை, ஒரு உறுமலும் இல்லாமல், மாலைக்கு முன்பே போய்ச் சேர்ந்தது.

அந்த மேசைமுன் அத்தனை பேரும் குனிந்து கும்பிட்டவர்கள்தான். குனிந்ததுதான் குனிந்தீர்கள், அப்படியே துணியைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தால் என்ன குறைந்துவிடும்?